ஆள் போன வீட்டு மீன்

சிட்கா, அலாஸ்கா
1983 ஏப்ரல் 17

அக்காவுக்கு,

ரெய்னோ எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடத் தோன்றும். போடு. ஆனால் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் படித்துவிட்டுப் போடு.

மச்சான் பெயரில் இருக்கும் சால்மன் உரிமம் பற்றித்தான். இந்தப் பருவம் முடிவதற்குள் ‘சூவி’ படகிலிருந்து ஒரு சினூக் சால்மனாவது கரை இறங்கி, எடை போட்டு விற்றதற்குச் சீட்டு இருக்க வேண்டும். இருந்தால் உரிமம் உன் பெயருக்கு மாறும். இல்லாவிட்டால் அதோடு போயிற்று. புதிதாக யாருக்கும் தருவதில்லை என்பது உனக்கே தெரியும். ஒரே ஒரு மீன் போதும், இருபத்தெட்டு அங்குலத்துக்குக் குறையாத மீன்.

உனக்கென்ன அக்கறை என்று கேட்பாய். எனக்கென்று தனி உரிமம் கிடையாது, அக்கா. நான் பிடித்ததெல்லாம் மச்சான் படகில், மச்சான் உரிமத்தில். அது போனால் இல்வாகோவில் எனக்குக் கடல் கிடையாது. பிறகு ஆயுசு முழுக்க இங்கே வால்டர் படகில் கூலி ஆளாகத்தான் இருக்க வேண்டும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நானே வந்து பிடித்துக் கொடுக்கலாம். ஆனால் நீ அன்றைக்குச் சொன்னதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்க மாட்டேன். வேறு யாரையாவது வைத்துக்கொள்.

மூன்று நாளைக்கு முன்னால் எனக்கு இங்கே முதல் மீன் மாட்டியது. அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

ரெய்னோ

*

இல்வாகோ, வாஷிங்டன்
1983 மே 4

ரெய்னோ,

அடுப்பில் போடவில்லை. காபித்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். காலையில் காபி போடும்போதெல்லாம் கண்ணில் பட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அதனால்தான் பதில்.

அன்றைக்கு நான் சொன்னதை மறக்க முடியவில்லை என்கிறாய். எதற்காகச் சொன்னேன் என்பது மட்டும் மறந்துவிட்டதா? அப்பா காலத்திலிருந்து நம் படகில் இருப்பது ஒரே ஒரு சட்டம். பருவத்தின் முதல் சினூக்கை விற்கக் கூடாது. கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீடு எதுவோ, அந்த வீட்டு மேஜைக்கு அது போக வேண்டும். அப்பா கொடுத்தார். ஊர்ஹோ இந்த வீட்டு மாப்பிள்ளையாக வந்தவர், அவரும் கொடுத்தார். வருஷா வருஷம் ஹில்மா கொஸ்கியின் வீட்டுக்குத்தான் போகும். அவள் புருஷனை முகத்துவாரத்து அலை கொண்டு போனபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய்.

போன வருஷம் மே மாதம் ஊர்ஹோ காய்ச்சலில் கிடந்தார். நீ படகை எடுத்துப் போனாய். முதல் மீனை நேராக மீன் வாங்கும் டூயியின் தராசில் கொண்டுபோய்ப் போட்டாய். கேட்டதற்கு என்ன சொன்னாய்? “பேட்டரி வாங்கணும்கா. கிழவிக்கு அடுத்த மீனக் குடுத்துக்கலாம். மீனுக்கு மூஞ்சில நம்பரா எழுதிருக்கு?” அவர் படுக்கையிலேயே சிரித்தார். “விடு ஐலி, மாப்ள சின்னப் பையன்” என்றார். செப்டம்பரில் அவரே போய்விட்டார்.

ஆமாம், சொன்னேன். சாவு வீட்டில், ஊரே காபி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். “நீ வித்த மீனுக்குப் பதிலா கடல் என் வீட்டுக்காரர எடுத்துக்கிச்சு. இனிமே என் வாசப்படி ஏறாதே.” சொன்னதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

படகு கட்டிய இடத்திலேயே கிடக்கிறது. நான் அதில் கால் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். உரிமம் போனால் போகட்டும்.

அங்கே மாட்டிய முதல் மீனை என்ன செய்தாய்? அதையும் விற்றுவிட்டாயா?

ஐலி

*

சிட்கா
1983 மே 22

அக்கா,

முதல் மீனைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை.

மச்சானின் இதயக் குழாய் அடைத்துப் பல வருஷமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நானும் நீயும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். நீயும் கேட்டாய். ஒரு மணி நேரம் கழித்து நீ வேறு ஒன்றைச் சொன்னாய். ஊர் உன் பேச்சைத்தான் நம்பியது. இந்த வருஷம் யாருமே என்னைத் தங்கள் படகில் ஏற்றிக்கொள்ளவில்லை, தெரியுமா? நேரடியாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. “ஆளு இருக்காங்கப்பா, அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார்கள், முகத்தைப் பார்க்காமல்.

நீ ஒருநாளும் கேட்காததை எழுதுகிறேன். அன்றைக்கு அவர் சுக்கானைப் பிடித்தபடியே சரிந்தார். “மாப்ளே, கயித்தச் சுத்திடு” என்றார், அவ்வளவுதான். நான் கயிறுகளைச் சுற்றிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டேன். கடலோரக் காவல் படை ரேடியோவில் கூப்பிட்டது. முகத்துவாரம் மோசமாக இருக்கிறது, வந்து இழுத்துப் போகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். மச்சானை யாரும் ஒருநாளும் இழுத்துக்கொண்டு வந்ததில்லை. அலை உடைகிற இடத்தில் ஒரு கையால் சுக்கானையும் ஒரு காலால் அவரையும் பிடித்துக்கொண்டேன், உருளாமல் இருக்க. உன்னிடம் கொண்டுவந்து சேர்த்தேன். அப்போதும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

இங்கே மீன் இருக்கிறது. நல்ல மீன். படகுக்காரர் வால்டர் இந்த ஊர்ப் பழங்குடி, பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. நான் வாய் திறக்காமல் இருப்பதைப் பார்த்து, “ஏம்ப்பா, ஊர்ல நாக்க அடகு வெச்சுட்டு வந்தியா?” என்று கேட்கிறார். நல்ல மனுஷர்.

உரிமம் வேண்டாம் என்றால் வேண்டாம். கெஞ்ச மாட்டேன்.

ரெய்னோ

*

இல்வாகோ
1983 ஜூன் 26

ரெய்னோ,

உன் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். இன்னொரு தடவை படிக்கத் தைரியம் வரவில்லை. ஒரு காலால் பிடித்துக்கொண்டாய் என்று எழுதியிருக்கிறாயே, அதுவே போதும்.

மீன் ஆலையை மூடிவிட்டார்கள். சரக்கே இல்லை. எங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும். மழைத் தண்ணீர் சேர்ந்திருக்கும், இறைத்துவிட்டு வரலாம் என்றுதான் படகுக்குப் போனேன். ஊர்ஹோவின் ரப்பர் கையுறை ஜோடி அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்தது, விரல்கள் மடங்கியபடி. அழுதேன். அழுது முடித்ததும் இறைத்தேன். இறைத்து முடித்ததும் இன்ஜினைத் தட்டிப் பார்த்தேன். முதல் தட்டலிலேயே பிடித்துக்கொண்டது, பாழாய்ப் போனது.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தனியாகப் போகவில்லை. ஆலையில் எனக்குப் பக்கத்து மேஜையில் மீன் அறுக்கும் லெம்பியைச் சேர்த்துக்கொண்டேன். ஆயுசு முழுக்க மீன் அறுத்தவள், கடலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. முகத்துவாரத்தைத் தாண்டும்போது கைப்பிடியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஏய் ஐலி, உனக்கு இதெல்லாம் ஓட்டத் தெரியும்தானே?”

“கல்யாணமான புதுசுல ரெண்டு வருஷம் அவரோட வந்திருக்கேன்.”

“அது எப்ப?”

“நீ ஒல்லியா இருந்தப்ப.”

“போச்சு, நான் செத்தேன்” என்று சொல்லி வாந்தியெடுத்தாள். அதன் பிறகு சாயங்காலம் வரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

கடல் சரியில்லை ரெய்னோ. கையை விட்டால் குளிரவில்லை. குளிராத நம் கடலை நான் பார்த்ததே இல்லை. எங்கோ தெற்கே இருக்க வேண்டிய கானாங்கெளுத்தி கூட்டமாக வந்து தூண்டிலை நாசம் பண்ணுகிறது. கரையெங்கும் கடற்பறவைகள் செத்து ஒதுங்குகின்றன, எடுத்துப் பார்த்தால் எலும்புதான். சினூக் இல்லை. துறைமுகத்தில் யாருக்குமே இல்லை. ஒன்று மாட்டியது எனக்கு. தலை மட்டும் பெரிதாக, உடம்பே இல்லாமல். அளவுப் பலகையில் வைத்தால் ஒரு விரல்கடை குறைந்தது. வாலைக் கொஞ்சம் இழுத்தால் சரியாக வரும் என்றாள் லெம்பி. தண்ணீரில் விட்டுவிட்டேன்.

டூயி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “ஐலி, எதுக்கு உயிரப் பணயம் வெக்கிறே? வேற படகு மீன் ஒண்ண உன் சீட்டுல எழுதிடறேன். யாரு கேக்கப் போறா?” என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஊர்ஹோ பெயரில் கடைசியாக எழுதப்போகும் மீன், ரெய்னோ. அது பொய் மீனாக இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று நடுவேனில் திருநாள். கரையில் வழக்கம்போல் சொக்கப்பனை கொளுத்தினார்கள். யாரும் பாடவில்லை. எரிந்து முடியும் வரை நின்றுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம்.

ஐலி

*

சிட்கா
1983 ஜூலை 11

அக்கா,

கடலிலிருந்து வந்ததும் உன் கடிதம் கிடைத்தது. மீன் இறக்குவதைக்கூட விட்டுவிட்டு ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து படித்தேன். வால்டர் தானே மீனை இறக்கி முடித்தார். பிறகு, “என்ன, ஊர்ல மழையா?” என்று மட்டும் கேட்டார். “எங்கக்கா படகு ஓட்டுறா” என்றேன். “உன்னவிட நல்லா ஓட்டுவாளா?” என்றார். “அவகிட்ட நான் எதுலயுமே ஜெயிச்சதில்ல” என்றேன்.

நீ வாய்ச்சொல்லுக்கு மசிகிற ஆளில்லை, அதனால் பாராட்டவில்லை. பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். தண்ணீர் வற்றி வெளியே ஓடும் நேரத்தில் முகத்துவாரத்தைத் தாண்டாதே. வெளியே எவ்வளவு நேரம் காத்துக்கிடந்தாலும் சரி.

மச்சானுக்கு ஒரு இடம் உண்டு. என்னைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை. வடக்குக் கலங்கரை விளக்கமும் அதன் பின்னால் தெரியும் மொட்டைக் குன்றும் ஒரே கோட்டில் வரும் வரை மேற்கே போ. ஆழமானியில் திடீரென்று பள்ளம் விழும். அந்த விளிம்பிலேயே போ, கயிறுகளை நன்றாக ஆழத்தில் இறக்கு. மேல் தண்ணீர் சூடாக இருந்தால் மீன் கீழேதான் இருக்கும்.

கிடைத்ததும் செவுளை அறுத்து, ஐஸில் வைத்து, நேராக டூயியின் தராசுக்குப் போ. முதல் மீனோ கடைசி மீனோ, அதைப் பார்க்காதே. இந்தப் பருவத்தில் உனக்கு இரண்டாவது மீன் கிடைக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை. ஹில்மா வீட்டுப் பக்கம் தலைகாட்டாதே. நான் சொல்வது புரிகிறதா அக்கா? விற்றுவிடு. எனக்காக இந்த ஒன்றை மட்டும் செய்.

ரெய்னோ

*

இல்வாகோ
1983 ஜூலை 25

தம்பி ரெய்னோ,

மீன் கிடைத்தது.

நீ சொன்ன விளிம்பில்தான். குன்றும் கலங்கரை விளக்கமும் ஒரே கோட்டில் வந்தன. ஆழமானியில் பள்ளம் விழுந்தது. லெம்பி காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். இடது பக்கத் தூண்டில் கம்பத்தின் நுனி ஒரு தடவை குனிந்தது. அப்புறம் நிமிரவே இல்லை. கயிற்றை ஏற்றினேன். தண்ணீருக்குள் வெள்ளி புரண்டது. கொக்கிக் கம்பை லெம்பியிடம் கொடுக்காமல் நானே போட்டேன். தளத்தில் வந்து விழுந்தது. பலகையில் வைக்கவே தேவையில்லை, பலகையைத் தாண்டிக் கிடந்தது. இந்த வருஷத்துப் பஞ்சத்தில் எங்கே தின்று இப்படிக் கொழுத்ததோ தெரியவில்லை.

“அவ்ளோதான் ஐலி. உரிமம் வந்துருச்சு” என்றாள் லெம்பி. தளத்திலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாள்.

துறைமுகத்துக்கு வந்ததும் ஆள் கூடிவிட்டது. பல நாளாக அந்தத் தராசில் எதுவும் ஏறவில்லை. டூயி ஈரத்துணியால் தட்டைத் துடைத்து வைத்தான். நான் மீனைச் செவுளில் விரல் விட்டுத் தூக்கிக்கொண்டு அதன் முன்னால் நின்றேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கை மரத்துப்போயிற்று. “வையி ஐலி” என்றான் டூயி. நான் வைக்கவில்லை. உன்னை ஊர் முன்னால் அப்படிச் சொன்ன வாய் இது. இதே ஊர் முன்னால் இதே கை அந்தத் தட்டில் முதல் மீனை வைக்குமா? திரும்பி நடந்தேன். பின்னாலேயே லெம்பி, “உனக்கென்ன கிறுக்கா? ஐலி, நில்லு” என்று கத்திக்கொண்டு வந்தாள்.

ஹில்மாவிடம் கொடுத்துவிட்டேன். என்ன சொல்லிக் கொடுத்தேன் என்பதை இப்போது எழுத வரவில்லை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. செப்டம்பர் முடியும் வரை பருவம் இருக்கிறது. இடம் தெரிந்துவிட்டது. அடுத்த மீனை விற்பேன்.

அக்கா

*

சிட்கா
1983 ஆகஸ்ட் 4

அக்கா,

அடுத்த மீனைக் கொடுத்துக்கொள்ளலாம் என்று போன வருஷம் நான் சொன்னேன். அடுத்த மீனை விற்கிறேன் என்று இந்த வருஷம் நீ சொல்கிறாய். நான் சொன்னபோது அது பாவம்.

நீ உரிமத்தை மட்டும்தான் பார்த்தாய். நான் ஏப்ரலிலிருந்து எதற்காகக் காத்திருந்தேன் என்று நினைக்கிறாய்? ஐலி ஹக்காலா முதல் மீனைத் தராசில் வைத்தாள் என்று ஊர் பார்க்க வேண்டும். வைத்த பிறகும் யாரும் சாகவில்லை என்று பார்க்க வேண்டும். என்னிடம் வந்து நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், ஒரு கடிதம்கூட வேண்டாம். அந்த ஒரு மீனை விற்றிருந்தால் போதும், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும். விற்றுவிடு என்று அதனால்தான் எழுதினேன். உரிமம் இரண்டாவது.

மரத்துப்போகும் வரை கையில் வைத்திருந்தாயாம். வைத்திருந்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாய். அப்படியென்றால் நீ இன்னும் நம்புகிறாய். நான்தான் அவரைக் கொன்றேன் என்று.

எனக்கு அவரைத் தவிர அண்ணன் கிடையாது. உனக்குப் புருஷன், சரி. தாடி முளைக்காத வயதில் எனக்கு மீன் பிடிக்கவும் சவரம் பண்ணவும் குடித்தால் வீட்டுக்கு வராமல் படகிலேயே தூங்கவும் சொல்லிக்கொடுத்தது அவர்தான். அவருக்காக அழ எனக்கு ஒரு இடம் இல்லாமல் பண்ணிவிட்டாய்.

இனிமேல் எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டாம். படகை விற்றுவிடு.

ரெய்னோ

*

இல்வாகோ
1983 ஆகஸ்ட் 19

ரெய்னோ,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றைப் படி. படித்துவிட்டு அடுப்பில் போடு, நீ எனக்குச் சொன்ன மாதிரி.

பருவம் முடிந்துவிட்டது. செப்டம்பர் வரை என்று சொன்னதை மாற்றிவிட்டார்கள். கடலில் மீன் இல்லை, இருப்பது ஆற்றுக்குள் ஏறிக் குஞ்சு பொரிக்கட்டும், ஞாயிற்றுக்கிழமையோடு யாரும் தூண்டில் போடக் கூடாது என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் சமையலறையில் நின்று கேட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் போனோம். விளிம்பிலேயே கிடந்தோம். பனிமூட்டத்தில் கம்ப நுனியே தெரியவில்லை, கயிற்றைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் லெம்பிதான், “சுத்திடலாமா?” என்று கேட்டாள். நான் கயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அவளே சுற்றினாள்.

ஆக, உரிமம் போயிற்று. நீ திரும்பி வரும் வழியை நான் தூக்கிக்கொண்டு போய் ஒரு கிழவியின் மேஜையில் வைத்துவிட்டேன். இதற்கு எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை.

ஆனால் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை எழுதிவிடுகிறேன். அன்றைக்கே எழுதியிருந்தால் நீ அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டாய். எனக்கு வாயும் கையும் எப்போதும் ஒன்றாக வேலை செய்வதில்லை. கெட்டதைச் சொல்ல வாய் முந்துகிறது, நல்லதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

ஹில்மா கதவைத் திறந்தாள். மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டவில்லை.

“ஐலி, இந்த வருஷம் உன் வீடுதானே ஆள் போன வீடு? எனக்கு எதுக்குக் கொண்டாறே? எடுத்துட்டுப் போ” என்றாள்.

“இது இந்த வருஷத்து மீன் இல்ல” என்றேன். “போன வருஷத்து மொத மீன். என் தம்பி ரெய்னோ குடுக்கச் சொன்னான். வந்து சேரக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

வாசலில் லெம்பி நின்றாள். தெருவில் டூயியும் கூட வந்த நாலைந்து பேரும் நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். உன்னைச் சொன்ன அன்றைக்கும் எல்லோருக்கும் கேட்கும்படிதானே சொன்னேன்.

ஹில்மா கையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “பையன்கிட்டச் சொல்லு, மீன் வந்து சேந்துச்சுன்னு” என்றாள். என்னை உள்ளே உட்கார வைத்து, பாலும் உருளைக்கிழங்கும் போட்டு அந்த மீனிலேயே சூப் வைத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் புருஷனைப் பற்றிப் பேசினாள். நான் ஊர்ஹோவைப் பற்றிப் பேசினேன். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக வாய் விட்டுப் பேசினேன்.

விற்றிருக்கலாம். நான் சொன்னது வெறும் பேச்சு என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஹில்மாவுக்கு நீ கொடுக்காத மீன் கொடுக்காததாகவே இருந்திருக்கும், அது காலம் முழுக்க உன்னைக் குடையும். உன்னை எனக்குத் தெரியும். இனி உன் பெயரில் யாருக்கும் எந்த மீனும் பாக்கி இல்லை.

நீ அவரைக் கொல்லவில்லை ரெய்னோ. டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். யாரையாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது, கைக்கு எட்டும் தூரத்தில் நீ இருந்தாய். அவரை அவ்வளவு தூரம் தனியாகக் கொண்டுவந்து சேர்த்தவன் நீ. உன் கோட்டுதான் அவர்மேல் கிடந்தது, அதைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன்.

வா என்று கேட்க எனக்கு இப்போது முகமில்லை. உனக்கு இங்கே கடலும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

அக்கா

*

சிட்கா
1983 செப்டம்பர் 1

அக்கா,

முதல் மீனை என்ன செய்தாய் என்று மே மாதம் கேட்டாய்.

விற்கவில்லை. ஏப்ரலில் மாட்டியதும் அதை மற்ற மீன்களோடு போடாமல் தனியாக எடுத்து வைத்தேன். வால்டர், “என்னப்பா, அது யாருக்கு?” என்றார். “அதுக்கு ஒரு வீடு இருக்கு” என்றேன். “எந்த வீடு?” என்று கேட்டார், நான் மீனைக் கழுவ ஆரம்பித்தேன். அவர் அதற்குமேல் கேட்காமல் ஒரு சின்ன மரப் பீப்பாயும் உப்பும் கொண்டுவந்து கொடுத்தார். முதுகெலும்பை எடுத்துவிட்டு, அப்பா போடுகிற மாதிரி தோலோடு அடுக்கி உப்பிட்டேன். அன்றிலிருந்து பீப்பாய் என் படுக்கைக்கு அடியில் இருக்கிறது.

இந்த ஊரிலும் கடல் கொண்டுபோன ஆட்களின் வீடுகள் இருக்கின்றன. அவர்களில் யாருக்காவது கொடுத்திருக்கலாம். இரண்டு தடவை தூக்கிக்கொண்டு கிளம்பிப் பாதி வழியில் திரும்பிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆள் போன வீடு ஒன்றுதான். அதன் வாசற்படி ஏறாதே என்று சொல்லியிருந்தார்கள்.

வால்டரிடம் சொல்லிவிட்டேன். “உங்கக்கா உரிமத்தத் தொலைச்சுட்டான்னு சொன்னே. அப்புறம் எதுக்குப் போறே?” என்றார். “டிசம்பர்ல நண்டு இருக்கு, அதுக்கு அந்த உரிமம் வேணாம்” என்றேன். “அதுக்காகவா போறே?” என்றார். “இல்ல” என்றேன். கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமைக் கப்பலில் ஏறுகிறேன். மச்சானின் வருஷ நாளுக்கு முன்பே வந்துவிடுவேன். பீப்பாய் என் கையில்தான் இருக்கும்.

உப்பு ரொம்பத் தூக்கலாக இருக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தால்தான் வாயில் வைக்க முடியும். பெரிய பாத்திரம் ஒன்றைக் கழுவி வை. லெம்பியையும் ஹில்மாவையும் சாப்பிடக் கூப்பிடு.

ரெய்னோ